‘புட்’ என்றால் போடு. ‘புட் ஆஃப்’ என்றால்?



நமது குளத்தூர், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் பூமியில் மாசி, பங்குனி என்றால் வத்தல் சீசன். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பங்குனி மாதத்தில், வெளிமாநிலக் கம்பெனி ஒன்றுக்கு 40 சாக்கு வத்தல் அனுப்புவதாகப் பேசி முடித்திருந்தேன். செவ்வாய்க்கிழமை லாரி வந்து கடை வாசலில் நிற்கிறது. அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. தமிழ் எழுத்தில் எழுதினால் அது இப்படி இருக்கும்: “ப்ளீஸ் புட் தி லோடு ஆஃப் டில் ஃப்ரைடே.”

எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். கடையில் கணக்கு எழுதும் தம்பி பிளஸ் டூ வரை படித்தவன். அவனிடம் காட்டினேன். “லோடு போடச் சொல்லிட்டாங்க அண்ணாச்சி, வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சேரணுமாம்” என்றான். புட் என்றால் போடு, லோடு என்றால் லோடு, ஃப்ரைடே என்றால் வெள்ளி. அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. ஏற்றுக்கூலி கொடுத்து, தார்ப்பாய் கட்டி, லாரியை அனுப்பிவிட்டேன்.

அவர்கள் சொன்னதோ நேர் எதிரானது. வெள்ளிக்கிழமை வரை லோடு அனுப்புவதைத் தள்ளிப் போடுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே குடோனில் இடமில்லை. லாரி போய் நின்ற இடத்தில் இறக்க ஆளில்லை. காத்துக் கிடந்த நாளுக்கு லாரிக்காரருக்கு ஹால்ட் வாடகை, வேறொரு குடோனில் இறக்கி மறுபடி ஏற்றிய கூலி, எல்லாம் என் தலையில் விழுந்தது. அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. எழுத்து மூலமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த லோடில் எனக்கு வரவேண்டிய தரகு முழுவதும் ‘ஆஃப்’ என்ற ஒரு சின்னச் சொல்லில் போயிற்று.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். இன்று பலசரக்குக் கடைக்காரர்களாகிய நமக்கும் வங்கி நோட்டீஸ், வரித்துறைக் கடிதம், கம்பெனி மெயில், கைபேசிச் செய்தி என்று ஆங்கிலம் வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே நமது சங்க உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் சாதாரண வினைச்சொல் ஒன்றின் பின்னால் அப், ஆஃப், அவுட், இன், டவுன், ஓவர், பேக் போன்ற குட்டிச் சொல் ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டதும் பழைய பொருள் மாறிவிடுகிறது. கிவ் என்றால் கொடு; கிவ் அப் என்றால் கைவிடு. லுக் என்றால் பார். லுக் ஆஃப்டர் என்றால் கவனித்துக்கொள். இவற்றை ஆங்கில இலக்கணத்தில் ஃபிரேசல் வெர்ப் என்கிறார்கள். நாம் கூட்டு வினை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆங்கிலப் பெயர் 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் எழுதிய நூலில்தான் பிரபலமானது. ஆனால் தொல்லை அதற்கு வெகு காலம் முந்தியது. 1755-இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டாருக்கு ஆங்கிலத்தில் மிகவும் கஷ்டம் கொடுப்பது இந்தக் கூட்டு வினைகள்தான் என்று தன் முன்னுரையிலேயே எழுதிவைத்திருக்கிறார். ஆகவே குளத்தூர்க்காரன் 40 சாக்கு வத்தலோடு அதில் விழுந்ததில் பெரிய ஆச்சரியம் இல்லை.

நம் தமிழிலும் இந்த வித்தை உண்டு என்பதை நாம் யோசித்துப் பார்ப்பதில்லை. ‘போடு’ என்பது ஒரு சொல். ‘தள்ளிப் போடு’ என்றால் ஒத்திவை. ‘போட்டுக் கொடு’ என்றால் ஒருவரைக் காட்டிக்கொடு. ‘போட்டுத் தாக்கு’ என்றால் வேறு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தமிழ் படித்துவிட்டு வந்து, ‘வாங்கிக் கட்டிக்கொண்டான்’ என்று நாம் சொல்வதைக் கேட்டால், அவன் கடையில் எதையோ வாங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனான் என்றுதானே நினைப்பார்? அவன் திட்டு வாங்கிய கதை அவருக்கு எப்படித் தெரியும்? நமக்கும் ஆங்கிலத்துக்கும் வித்தியாசம் இதுதான். நாம் துணைச் சொல்லை முன்னாலோ பின்னாலோ ஒட்டவைத்தே சொல்வோம். ஆங்கிலத்தில் அது பின்னால்தான் வரும். சில சமயம் இடையில் மூன்று நான்கு சொற்களை விட்டுவிட்டுக் கடைசியில் வரும். ‘புட்’ முதலில் நிற்கிறது, நடுவில் ‘தி லோடு’, அப்புறம்தான் ‘ஆஃப்’. என் கடைத் தம்பி லோடு வரை படித்துவிட்டு முடிவு கட்டிவிட்டான்.

இன்னொன்றும் அதில் இருந்தது. ஆங்கிலத்தில் ஒற்றை எஃப் போட்டு எழுதினால் ‘உடைய’ என்று பொருள். இரட்டை எஃப் போட்டால் ‘தள்ளி’, ‘விலகி’ என்று பொருள். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ‘ஆஃப்’ என்றே போடுகிறோம். பேங்க் ஆஃப் பரோடாவில் வரும் ஆஃப் வேறு, ஸ்விட்ச் ஆஃப் வேறு. படிக்கும்போது இரட்டை எஃப் கண்ணில் பட்டால் அங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

உண்மையில் புட் ஆஃப் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலே நமக்கு விடை கிடைத்திருக்கும். புட் என்றால் போடு, ஆஃப் என்றால் தள்ளி. தள்ளிப் போடு! சரியாக வருகிறதல்லவா? ஆனால் எல்லாம் இப்படி வரும் என்று நம்பிவிடக் கூடாது. ரைட் ஆஃப் என்பதை இதே மாதிரி பெயர்த்தால் ‘எழுதித் தள்ளு’ என்று வரும். தமிழில் அதற்கு ஓயாமல் எழுது என்று பொருள். ஆங்கிலத்தில் அது கணக்கிலிருந்து கழித்துவிடு என்பது.

இந்த ரைட் ஆஃப் பற்றித்தான் நான் விரிவாக எழுத வேண்டும். நம் ஊர்ப் பக்கம் இதில் ஏமாந்தவர்கள் பலர்.

ரைட் ஆஃப் வேறு, வெய்வ் வேறு

பத்திரிகைகளில் இரண்டுக்கும் ‘தள்ளுபடி’ என்றே போடுகிறார்கள். போதாக்குறைக்கு நாம் ஜவுளிக் கடையில் விலை குறைப்பதற்கும் தள்ளுபடி என்கிறோம். ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது.

வெய்வ் என்றால் கடன் கொடுத்தவர் தன் உரிமையையே விட்டுக்கொடுப்பது. 2008-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட வேளாண் கடன் திட்டத்தில் 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர் வரை நிலம் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்குத் தகுதியுள்ள கடன் முழுவதும் போயிற்று. அதற்கு மேல் நிலம் உள்ளவர்களுக்கு, 75 சதவீதம் கட்டினால் 25 சதவீதம் கழிவு என்று வைத்தார்கள். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் இருந்த ரூ.12,110 கோடி பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது, 16.43 லட்சம் விவசாயிகளுக்கு அதில் பலன். இவை இரண்டும் வெய்வர். கடன்பட்டவர் இனிக் கட்ட வேண்டியதில்லை. நம் நாட்டில் பலரும் ‘வெய்வ் ஆஃப்’ என்று ஒரு ஆஃப் சேர்த்துச் சொல்கிறோம். ஆங்கில வழக்கில் வெறும் வெய்வ் போதும். அந்தக் கூடுதல் ஆஃப்தான் ரைட் ஆஃப்புடன் குழப்பத்தையும் கொண்டுவருகிறது என்பது என் எண்ணம்.

ரைட் ஆஃப் அப்படியல்ல. ஒரு கடன் வராது என்று தோன்றினால், வங்கி அதற்கு உரிய தொகையைத் தன் லாபத்திலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டு, தன் ஐந்தொகையிலிருந்து அந்தக் கடனை எடுத்துவிடுகிறது. அது வங்கி தன் வீட்டுக்குள் செய்துகொள்ளும் கணக்கு வேலை. கடன்பட்டவர் கடன்பட்டவர்தான். ஜாமீன் போட்டவர் ஜாமீன்தான். அடமானப் பத்திரம் வங்கியின் பீரோவிலேயே இருக்கும். வசூல் நடவடிக்கையும் நடக்கும். 2016 நவம்பரில் பாரத ஸ்டேட் வங்கி பெரும் கடன்காரர்களின் பல ஆயிரம் கோடி ரூபாயை ரைட் ஆஃப் செய்தது என்று செய்தி வந்தபோது நாடாளுமன்றத்தில் அமளி ஏற்பட்டது. அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி எழுந்து, ரைட் ஆஃப் என்பதற்குக் கடனை விட்டுக்கொடுத்தது என்று பொருள் அல்ல என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. டெல்லியிலேயே அப்படியென்றால் நம்மைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறு வியாபாரி, வங்கியிலிருந்து வந்த காகிதத்தில் ‘ரிட்டன் ஆஃப்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, தன் கடன் தொலைந்தது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் விட்டார். அசலும் வட்டியுமாகச் சேர்ந்து நின்றபோதுதான் உண்மை தெரிந்தது. சிபில் போன்ற கடன் அறிக்கையிலும் அவர் பெயருக்கு எதிரே அதே இரண்டு சொற்கள் ஏறிவிட்டன. அதைப் பார்த்து வேறு வங்கியும் கடன் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் பே ஆஃப் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடனை ஒரு காசு பாக்கியில்லாமல் அடைத்து முடிப்பது பே ஆஃப். கடன் அறிக்கையில் அது ‘க்ளோஸ்டு’ என்று வரும். ஒரே தடவையில் ஒரு குறைந்த தொகையைக் கட்டிப் பைசல் செய்துகொண்டால், அது ‘செட்டில்டு’ என்று வரும். கேட்பதற்கு இரண்டும் ஒன்று போல இருக்கும். பைசல் என்பது நம் வழக்கில் கௌரவமான சொல்லும்கூட. ஆனால் அடுத்த கடன் கேட்டுப் போகும்போது, ‘செட்டில்டு’ என்பதை வங்கி மேலாளர் முகம் சுளித்துத்தான் பார்ப்பார். குறைத்துக் கட்டியதன் விலை அது. கையெழுத்துப் போடும் முன் எந்தச் சொல் ஏறப் போகிறது என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்து ரைட் ஆஃப்பும் உண்டே! பற்று எழுதிச் சரக்கு கொடுத்தோம். ஆள் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அந்த வாராக்கடனை நம் பேரேட்டில் கழித்து எழுதினால், அதுவும் ரைட் ஆஃப்தான். வருமான வரிக்குக் கணக்குப் பார்க்கும்போது அதைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். அந்த விற்பனை முன்பே வரவாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முன்பெல்லாம் அந்தக் கடன் வரவே வராது என்று நிரூபிக்கும்படி கேட்டார்கள். 1989 ஏப்ரலுக்குப் பிறகு சட்டம் மாறியது. கணக்குப் புத்தகத்தில் கழித்து எழுதியிருந்தால் போதும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் உறுதிப்படுத்தியது. நாம் ரைட் ஆஃப் செய்துவிட்டதால் பாக்கிதாரர் தப்பித்தார் என்று ஆகாது. பின்னால் அவர் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொண்டு அந்த ஆண்டின் வருமானத்தில் சேர்க்க வேண்டியதுதான். வழக்குப் போட வேண்டுமானால் பொதுவாக 3 ஆண்டுக் கெடு உண்டு. அந்தக் கெடு முடியும் முன் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும். சிட்டையில் ஒரு கையெழுத்து வாங்கி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

பேரேட்டைப் புரட்டினால்

கூட்டு வினைகள் நமக்குப் புதிதல்ல என்பதற்கு நம் கணக்குப் புத்தகமே சாட்சி. பக்கத்தின் அடியில் கூட்டித் தொகை போட்டு சி.எஃப். என்கிறோம், கேரிட் ஃபார்வர்ட், அடுத்த பக்கத்துக்குக் கொண்டுசென்றது. அடுத்த பக்கத்தின் தலையில் பி.எஃப்.; பிராட் ஃபார்வர்ட், முன் பக்கத்திலிருந்து கொண்டுவந்தது. பில்லின் அடியில் ரவுண்ட் ஆஃப். வரவு செலவு பேசும்போது டர்ன்ஓவர். இவற்றையெல்லாம் நாம் தமிழ் போலவே பேசுகிறோம். இதே கேரி ஃபார்வர்டு வருமான வரியிலும் வருகிறது. இந்த ஆண்டு வியாபாரத்தில் வந்த நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளின் லாபத்தில் கழித்துக்கொள்ள 8 ஆண்டுகள் வரை கொண்டுசெல்லலாம். ஆனால் ரிட்டர்ன் கெடு தேதிக்குள் தாக்கலாகியிருக்க வேண்டும். நஷ்டம்தானே, நிதானமாகப் போடலாம் என்று ரிட்டர்னைப் புட் ஆஃப் செய்தவர் கேரி ஃபார்வர்டை இழந்தார் என்றால், இரண்டு கூட்டு வினையும் ஒரே வாக்கியத்தில் விளங்கிவிடும்.

செட் ஆஃப் என்பதற்குப் பள்ளிக்கூட அகராதியில் ‘புறப்படு’ என்று போட்டிருக்கும். நம் ஆடிட்டர் அந்தப் பொருளில் சொல்லவில்லை. ஒன்றுக்கு ஒன்று நேர் செய்வது என்பது அவர் பொருள். கொள்முதலில் கட்டிய ஜி.எஸ்.டி.யை விற்பனையில் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யோடு செட் ஆஃப் செய்கிறோம். அதிலும் மத்திய வரியின் வரவை மாநில வரிக்கு நேர் செய்ய முடியாது என்பதை மறக்கக் கூடாது. வங்கிக் கடிதத்தில் ‘ரைட் ஆஃப் செட் ஆஃப்’ என்று ஒரு வரி வரும். இதில் முதல் ஆஃப் ஒற்றை எஃப், இரண்டாவது ஆஃப் இரட்டை எஃப். நேர் செய்துகொள்ளும் உரிமை என்று பொருள். நீங்கள் கட்டாமல் விட்ட கடனுக்கு, அதே வங்கியில் அதே பெயரில் உள்ள உங்கள் டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்வோம் என்கிறார்கள். ரைட் ஆஃப் என்று வேகமாகப் படித்துவிட்டு, கடனைக் கழித்துவிட்டார்கள் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் விழும்.

பணம் கட்டச் சொல்லும் தொனி

பே என்ற சொல்லின் குடும்பத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது தொனி. பே இன் என்றால் கணக்கில் கட்டு. வங்கிச் செலானுக்குப் பே-இன் ஸ்லிப் என்று பெயர். பே பேக் என்றால் திருப்பிக் கொடு. பே ஆஃப் பற்றிச் சொன்னேன். அதே சொல்லுக்கு ‘பட்ட பாட்டுக்குப் பலன் வந்தது’ என்ற பொருளும் உண்டு. ஆனால் பே அப் என்பது வேறு ரகம். இழுத்தடிப்பவரிடம் ‘எடுத்து வை பணத்தை’ என்று சொல்வது போன்றது. என் நண்பர் ஒருவர், தூத்துக்குடியில் பத்து வருஷமாகப் பழகிய ஒரு வாடிக்கையாளருக்கு மரியாதையாக நினைவூட்டுவதாக எண்ணி ‘ப்ளீஸ் பே அப்’ என்று அனுப்பிவிட்டார். ப்ளீஸ் போட்டும் பலனில்லை. அவர் கோபித்துக்கொண்டு வேறு மண்டிக்குப் போய்விட்டார். ‘கைண்ட்லி க்ளியர் தி பேலன்ஸ்’ என்று எழுதியிருந்தால் போதும்.

கால் என்ற சொல்லில் ஆபத்து இன்னும் அதிகம். கால் பேக் என்றால் திரும்பப் போன் செய். கால் ஆஃப் என்றால் ரத்து. புட் ஆஃப்புக்கும் கால் ஆஃப்புக்கும் வித்தியாசம் நம் தொழிலில் பெரிய வித்தியாசம்: முன்னதில் சரக்கு நாள் தள்ளிப் போகும், பின்னதில் போகவே போகாது. புட் ஆஃப் என்றால் சரக்கைக் குடோனில் வைத்துக் காக்கலாம். கால் ஆஃப் என்றால் அன்றைக்கே வேறு ஆள் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் உளுந்தில் வண்டு விழும், வத்தலில் நிறம் போகும்.

கால் அப்பான் என்று ஒன்று உண்டு. கால் என்று இருப்பதால் போன் செய்யச் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். வக்கீல் நோட்டீஸில் ‘யூ ஆர் ஹியர்பை கால்டு அப்பான் டு பே’ என்று வந்தால், பணம் கட்டும்படி சட்டப்படி கோருகிறோம் என்று பொருள். அன்றிலிருந்து நாள் ஓடத் தொடங்கிவிடும். செக் திரும்பிய வழக்கில், நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால், செக் கொடுத்தவர் மீது வழக்குத் தொடரலாம். நாமே செக் வாங்கியவராக இருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாட்களுக்குள் அந்த நோட்டீஸை அனுப்பியாக வேண்டும். சர்ஃபேசி சட்டம் என்ற 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கி அனுப்பும் நோட்டீஸுக்கு 60 நாள் அவகாசம். அதற்குப் பிறகு அடமானம் வைத்த கடையையோ குடோனையோ சுவாதீனம் எடுக்கலாம்.  அந்த 60 நாளுக்குள் நம் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும் கரிசல் காட்டுக்காரர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இம்மாதிரி நோட்டீஸை நாமே மொழிபெயர்த்துப் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே வக்கீலிடம் கொண்டுபோக வேண்டும்.

புட் அப் என்பது அரசு அலுவலகங்களில் அடிபடும் சொல். கோப்பின் ஓரத்தில் அதிகாரி ‘புட் அப்’ என்று எழுதினால், என் பார்வைக்கு வை என்று பொருள். கம்பெனி மெயிலில் விலையைப் புட் அப் செய்கிறோம் என்றால் விலையேற்றம். புட் அப் வித் என்று இன்னொரு குட்டி சேர்ந்தால் பொறுத்துக்கொள் என்று ஆகிவிடும். இப்படி மூன்று சொல் சேர்ந்தவையும் உண்டு. ரன் அவுட் ஆஃப் என்பது அதில் ஒன்று. கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர் என்றாலும், கிரிக்கெட்டின் ரன் அவுட் தெரியாத பையன் அங்கே கிடையாது. கடையில் ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் கடலை மிட்டாய்’ என்றால், சரக்கு தீர்ந்துவிட்டது. சோல்டு அவுட் என்றாலும் தீர்ந்ததுதான். அது விற்றுத் தீர்ந்தது, ரன் அவுட் எப்படித் தீர்ந்திருந்தாலும் பொருந்தும். எலி தின்று தீர்த்ததற்கும் சொல்லலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டர்ன் டவுன் என்றால் நிராகரி; டர்ன் அப் என்றால் வந்து சேர். லாரி ‘டிட் நாட் டர்ன் அப்’ என்றால் வரவில்லை, கவிழ்ந்துவிடவில்லை. பேக் அவுட் என்றால் சொன்ன பேச்சிலிருந்து பின்வாங்கு. ஃபால் த்ரூ என்றால் பேரம் முறிந்தது. மேக் அவுட் என்பது ஒருவர் பெயருக்குச் செக்கோ பில்லோ எழுதுவது. லுக் இன்டு என்றால் விசாரித்துப் பார்க்கிறேன் என்பது. கம்பெனிக்காரர்கள் புகாருக்கு எழுதும் பதில் பெரும்பாலும் இதுதான். அதில் எதையும் செய்து கொடுப்பதாக வாக்குறுதி கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஆப்ட் ஃபார் என்றால் ஒன்றை விரும்பித் தேர்ந்துகொள். ஆப்ட் அவுட் என்றால் அதிலிருந்து விலகு. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ள வியாபாரிகள் 1 சதவீதம் கட்டும் ஜி.எஸ்.டி. காம்போசிஷன் திட்டத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம். சேரும்போது ஒன்று, விலகும்போது ஒன்று. மாற்றி அழுத்திவிடக் கூடாது.

துணைச் சொல் நடுவில் பிரிந்து நிற்கும் என்று சொன்னேன் அல்லவா? 2015-இல் சமையல் கேஸ் மானியத்தை வசதியுள்ளவர்கள் விட்டுக்கொடுக்கும்படி மத்திய அரசு நடத்திய பிரசாரத்தின் பெயர் நினைவிருக்கலாம்: கிவ் இட் அப். கிவ் அப் என்பதன் நடுவில் ‘இட்’ வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘அதை’ என்ற பொருளில் இட் வந்தால் நடுவில்தான் வர வேண்டும். புட் இட் ஆஃப், கால் இட் ஆஃப், பே இட் ஆஃப். ஆனால் லுக் இன்டு போன்ற சிலவற்றைப் பிரிக்க முடியாது. லுக் இன்டு இட் என்றே வரும். எது பிரியும், எது பிரியாது என்பதற்கு விதி படித்து மாளாது. காதில் பழக வேண்டும்.

எல்லாவற்றையும் படித்து மனப்பாடம் செய்ய வேண்டுமா என்றால், தேவையில்லை என்பேன். நாம் எழுதும்போது ஒற்றைச் சொல்லே போதும். புட் ஆஃப் வேண்டாம், போஸ்ட்போன் என்று எழுதலாம். கால் ஆஃப்புக்குக் கேன்சல். பே பேக்குக்கு ரீபே. இவை லத்தீன் வழி வந்த சொற்கள்; கொஞ்சம் கடினமாகத் தோன்றினாலும் பொருள் மாறாது. வருகிற கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் கூட்டு வினை வேண்டும். நல்ல அகராதியில் ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும், கடைசியில் இவற்றைத் தனியாகத் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் வைத்திருக்கும் அகராதியே போதும், புதிதாக வாங்க வேண்டாம். கூட்டு வினைகளுக்கென்றே லாங்மேன், காலின்ஸ் நிறுவனங்கள் 1980-களிலேயே தனி அகராதி போட்டிருக்கின்றன. பெரிய மண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கி வைக்கலாம். கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்க்கும் வசதியும் இப்போது கைவசம் இருக்கிறது. முழு வாக்கியத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். புட் என்று தனியாகப் போட்டால் அதுவும் என் கடைத் தம்பி சொன்னதைத்தான் சொல்லும்.

என் கடையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஆங்கிலச் செய்தி வந்தால் தம்பி முதலில் வாக்கியத்தின் வாலைப் பார்ப்பான். அப், ஆஃப், அவுட் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. இருந்தால் சிட்டையின் கடைசிப் பக்கத்தில் அதைத் தேதியோடு எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதுவான். இதுவரை ஒன்றரைப் பக்கம் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு, லாரிக்காரருக்குச் சொல்வதற்கு முன்பாக, நான் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்பேன்: “லோடு டுடே, எஸ் ஆர் நோ?”